குமரகோட்டத்தில் ஒரு கட்டுக் காகிதம்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் காமாட்சியைப் பார்ப்பார்கள், ஏகாம்பரநாதரைப் பார்ப்பார்கள், வரதரைச் சேவித்துவிட்டுப் பட்டுச்சேலைக் கடைக்குள் நுழைவார்கள். குமரகோட்டம் என்கிற முருகன் கோயிலுக்கு மட்டும் நேரம் இருக்காது. இத்தனைக்கும் அது காமாட்சி கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் பிள்ளை. ஊரே சோமாஸ்கந்தர் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அரக்கோணத்திலிருந்து செங்கல்பட்டு போகிற பாசஞ்சர் ரயிலில் நானும் மாமியாரும் போனோம். அத்தைக்குக் கிருத்திகை விரதம். எனக்கு வேறு ஒரு வேலை இருந்தது. தேங்காய், பழம், பூவுக்கு அடியில் பையில் ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தேன். வருடக்கணக்காக எழுதிய நாவல். அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள், வீட்டில் கதை எழுதுகிறாள் என்பது யாருக்கும் தெரியாது. கையில் பேனாவோடு என்னைப் பார்த்தால் சீட்டுக் கணக்கோ மளிகைக் கணக்கோ என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேலி செய்வார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்பது.

இந்தக் கோயில் முருகன் கையில் வேலைத் தேடக் கூடாது. ஜபமாலையும் கமண்டலமும்தான் இருக்கும். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவைச் சிறையில் போட்டுவிட்டு, படைப்புத் தொழிலைத் தானே எடுத்து நடத்திய கோலம் இது. பிறகு அப்பா சொல்லித்தான் பிரம்மாவை விடுவித்தார். பிரம்மாவைச் சிறைவைத்த குறை தீர முருகன் பூஜித்த சிவலிங்கம் சேனாபதீஸ்வரர் என்ற பெயரில் இங்கேயே இருக்கிறது. எழுதுகிறவர்கள் வந்து நிற்க இதைவிடப் பொருத்தமான சந்நிதி இல்லை என்பது என் கட்சி. சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கிருத்திகைக் கூட்டம். கம்பியைப் பிடித்தபடி நகர்ந்து நகர்ந்து சந்நிதிக்கு வந்தோம். அர்ச்சனைத் தட்டோடு காகிதக் கட்டையும் நீட்டினேன். அர்ச்சகர் வாங்கிப் பார்த்தார்.

"கல்யாணப் பத்திரிகையா?"

"இல்ல சாமி. கதை."

"யார் எழுதினது?"

பின்னால் தள்ளுகிறார்கள். பக்கத்தில் அத்தை. "நான்தான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே கொண்டுபோய்த் திருவடியில் வைத்தார், எடுத்தார், மேலே கொஞ்சம் விபூதியும் ஒரு செவ்வரளியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்தவங்க வாங்கோ." அவ்வளவுதான்.

வெளியே கந்தபுராணம் அரங்கேறிய மண்டபத்தின் பக்கம் உட்கார்ந்தோம். அத்தை பிரசாதத்தைப் பிரித்தபடியே கேட்டார்: "ஏம்மா, கதை எழுதறத மறைச்சு வைக்கணுமா? திருட்டு வேலையா அது?"

பதில் சொல்லத் தெரியாமல் கச்சியப்பர் கதையைச் சொன்னேன். கச்சியப்ப சிவாசாரியார் இந்தக் கோயில் அர்ச்சகர். கனவில் முருகன் வந்து தன் புராணத்தைத் தமிழில் பாடச் சொல்லி, 'திகட சக்கர' என்று முதல் அடியையும் எடுத்துக் கொடுத்தார் என்பது வரலாறு. பூஜையை விட்டுவிட்டு அவர் ஆசிரமம் தேடிப் போகவில்லை. மணியடித்து, தீபாராதனை காட்டி, நடை சாத்துகிற அதே மனிதர்தான் நாளுக்கு நூறு பாட்டு எழுதி, இரவில் சந்நிதியில் வைத்துவிட்டுப் போவாராம். காலையில் கதவைத் திறந்தால் ஏட்டில் திருத்தங்கள் இருக்குமாம். ஆறு காண்டம், 10,345 பாட்டு முடியும்வரை இப்படி.

முருகன் அடி எடுத்துக் கொடுத்ததைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் திருத்தங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. கருவறையிலிருந்து வந்த உத்தரவை வைத்துக்கொண்டு எழுதியவருக்கே, மறுநாள் அடித்துத் திருத்திய ஏடு கிடைத்திருக்கிறது. அவர் அன்றைக்கும் நூறு பாட்டு எழுதியிருக்கிறார்.

அரங்கேற்றத்தில் இன்னும் மோசம். முதல் பாட்டு, முதல் சொல். சபையில் ஒரு புலவர் எழுந்து, 'திகழ்' என்பதும் 'தசக்கரம்' என்பதும் சேர்ந்தால் 'திகடசக்கரம்' என்று ஆக எந்த இலக்கணத்தில் விதி இருக்கிறது என்று கேட்டுவிட்டார். தெய்வம் கொடுத்த சொல்லுக்கே ஆட்சேபம்! 'முருகனே சொன்னது' என்ற பதிலைச் சபை ஏற்கவில்லை. விதியைக் காட்டு என்றார்கள். அன்றைக்கு அரங்கேற்றம் நின்றுபோனது. மறுநாள் சோழ நாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலோடு வந்து, அதில் இருக்கும் புணர்ச்சி விதியைக் காட்டியதும் சபை அடங்கியது. வந்தவரும் முருகன்தான் என்பார்கள். இருக்கட்டும். அந்த ஓர் இரவு கச்சியப்பர் எப்படித் தூங்கியிருப்பார் என்பதுதான் என் யோசனை. முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டு, மீதிப் பத்தாயிரம் பாட்டையும் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தும் இருக்கிறார்.

அத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, உன் கதையில நான் வரேனா?" என்றார்.

"வரீங்க அத்தை. பேரை மாத்திட்டேன்."

"நல்லவளாவா?"

"பாதிக்கு மேல."

சிரித்துவிட்டார். பாதிக்கு முன்னால் என்ன என்று கேட்காததற்கு முருகனுக்கு ஒரு நன்றி.

அங்கிருந்து ஏகாம்பரநாதர் கோயிலுக்கு நடந்தோம். ஆயிரங்கால் மண்டபத்துக்கு முன்னால் விகடசக்கர விநாயகர் இருக்கிறார். கந்தபுராணத்தின் அந்த முதல் பாட்டு, வம்புக்கு இழுத்த அதே பாட்டு, இவரைப் பற்றியதுதான். 'விகட சக்கரன் மெய்ப்பதம் போற்றுவாம்' என்று முடியும். குமரகோட்டம் போகிறவர்கள் இவரையும் பார்க்காமல் வரக் கூடாது. அத்தை இங்கே நின்று 'வான்முகில் வழாது பெய்க' என்று முணுமுணுத்தார். பூஜை முடிவில் வழக்கமாகச் சொல்கிற வாழ்த்து. "இதுவும் கச்சியப்பர் எழுதினதுதான் அத்தை, கந்தபுராணத்துல வரது" என்றேன். "இத்தனை வருஷமா சொல்றேன், யார் எழுதினதுன்னு யாரும் சொன்னதில்லையே" என்று ஆச்சரியப்பட்டார்.

அந்த வாரமே எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் முதல் அத்தியாயத்தைக் கொடுத்தேன். விபூதி ஒட்டியிருந்த பக்கத்தைத் துடைக்காமலே கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். முதல் பத்தியே வேண்டாம், கதை இரண்டாவது பத்தியில்தான் தொடங்குகிறது என்றார். சந்திப் பிழைகளுக்கு எல்லாம் வட்டம் போட்டிருந்தார். ஓர் இடத்தில் அவர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் காபி கொடுத்து, "அடுத்த அத்தியாயத்தை எப்ப தருவே?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன். அதனால் இப்போது விடிகாலையில் எழுந்து எழுதுகிறேன், கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டே. பால் பொங்கினால் அத்தை பார்த்துக்கொள்கிறார்.