கொல்கத்தா போகிறோம்: கங்கைக் கரைக்கு ஒரு திட்டம்

நவம்பர் 9, 2025, ஞாயிறு

ஜனவரியில் கொல்கத்தா என்று இன்று முடிவாகிவிட்டது. 2026-இல் குடியரசு தினம் திங்கட்கிழமை வருகிறது. அதற்கு முந்தைய வெள்ளி, 23-ஆம் தேதி, அங்கே சரஸ்வதி பூஜை. நமக்கு நவராத்திரி முடிவில் வருவது வங்காளிகளுக்கு வசந்த பஞ்சமியன்று வரும். நேதாஜி பிறந்த நாளும் அதே 23. வியாழனும் வெள்ளியும் லீவு போட்டால் திங்கள் இரவு திரும்பிவிடலாம்.

பொங்கல் லீவில் போகலாம் என்றுதான் இவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மகர சங்கராந்திக்கு, கங்கை கடலில் கலக்கும் கங்காசாகரில் முழுக்குப் போட வருகிற லட்சக்கணக்கான பேரில் பெரும்பாலோர் கொல்கத்தா வழியாகத்தான் போவார்கள். ஊருக்குள் ஆற்றங்கரைப் படித்துறையான பாபுகாட் பக்கம் சாதுக்களும் யாத்ரீகர்களும் தங்கும் முகாமாகவே மாறிவிடும். அதைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்களும் உண்டு. எழுபது தாண்டிய அப்பாவைக் கூட்டிக்கொண்டு, பழகாத ஊரில், அந்த நெரிசலில் நாம் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் தள்ளிப் போவோம்.

வீட்டில் ஆளுக்கொரு ஆசை. அப்பாவுக்குத் தட்சிணேஸ்வரத்துக் காளி கோயிலும் விவேகானந்தர் நிறுவிய பேலூர் மடமும். பையனுக்கு இந்திய அருங்காட்சியகத்து எகிப்திய மம்மி. மகளுக்கு டிராம். இவருக்கு விக்டோரியா நினைவகம். எனக்குக் கங்கை. வரைபடத்தில் ஹூக்ளி என்று போட்டிருந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது கங்கைதான்.

நவம்பர் 12, புதன்

இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் வரைபடத்தை மேஜையில் விரித்து உட்கார்ந்தேன். ஆற்றை ஒட்டித் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் ஊர் இது. மெட்ரோவின் நீலத் தடமும் ஏறக்குறைய ஆற்றுக்கு இணையாகவே ஓடுகிறது. இந்தியாவின் முதல் மெட்ரோ அதுதான்; 1984 அக்டோபரில் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே தொடங்கியது. இன்று வடக்கே தட்சிணேஸ்வரம் வரை போகிறது.

நாங்கள் பார்க்க நினைக்கிற எல்லாமே அந்த ஒரே தடத்தில் பூச்சரம் போலக் கோத்திருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் பார்க் ஸ்ட்ரீட். புத்தகக் கடைத் தெருவுக்கு மகாத்மா காந்தி ரோடு. தாகூர் வீட்டுக்குக் கிரீஷ் பார்க். சாமி சிலை செய்கிற குமார்துளிக்குச் சோபாபஜார். கடைசியில் தட்சிணேஸ்வரம். தங்கும் இடம் இந்தத் தடத்தின் மேல் இருந்துவிட்டால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி.

எல்லோரும் எஸ்பிளனேட், சட்டர் தெரு பக்கம்தான் அறை எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் காளிகாட் நிலையத்தில் நிற்கிறது. அங்கிருந்து ராஷ்பிஹாரி அவென்யூவில் நடந்தால் லேக் மார்க்கெட். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் வட்டாரம். இட்லி கிடைக்கும், பில்டர் காபி கிடைக்கும். காலையில் அப்பாவுக்கு அது கிடைத்துவிட்டால் நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருப்பார்.

நவம்பர் 16, ஞாயிறு

அம்மா வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். முட்டி வலி. "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்று. அப்பாவும் சரி என்றுவிட்டார்.

இன்று மத்தியானம் பாரதி கல்கத்தா போன கதையை அப்பா பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 1906 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு, தாதாபாய் நவ்ரோஜி தலைமை. அந்தப் பயணத்தில்தான் பாரதி, விவேகானந்தரின் சீடரான சகோதரி நிவேதிதையைச் சந்தித்தார். அவரையே குருவாக ஏற்றார். உங்கள் மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதை கேட்டதாகவும், பாரதி பதில் சொல்லத் தடுமாறியதாகவும் சொல்வார்கள். பெண்ணுக்குச் சரிசமமான இடம் வேண்டும் என்று பின்னால் அவ்வளவு பாடியவருக்கு அந்தக் கேள்வி உள்ளே இறங்கியிருக்கிறது.

பையன் கேட்டுவிட்டு, "அப்போ நீங்க ஏன் தாத்தா பாட்டியைக் கூட்டிட்டுப் போகல?" என்றான். அப்பா பதில் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா வெளியே வந்து, "எனக்கும் சேர்த்து டிக்கெட் போடு. ஆனா படி அதிகமா இருக்கிற இடம் வேண்டாம்மா" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதி மாளாது.

நிவேதிதை வாழ்ந்த வீடு வடக்குக் கொல்கத்தாவில் பாக்பஜாரில், போஸ்பாரா சந்தில் இருக்கிறது. இப்போது நினைவில்லம். பாரதியைச் சந்தித்தது டம்டம் பக்கம் என்பார்கள். இருந்தாலும் அந்த வீட்டு வாசலில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்க வேண்டும். அது என் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

கோரமண்டல் எக்ஸ்பிரசில் டிக்கெட் கிடைத்துவிட்டது. முன்பு 120 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். ஜனவரி 22 பயணத்துக்கு இன்று காலை 8 மணிக்குத் திறந்தது. முதல் 15 நிமிஷம் ஆதார் சரிபார்த்த கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. எங்கள் இருவர் கணக்கிலும் அதைப் போன மாதமே முடித்து வைத்திருந்தோம்.

ஒரே டிக்கெட்டில் ஆறு பேரையும் போடலாம். போடவில்லை. மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு பேர் வரைதான். அதனால் அப்பா அம்மாவுக்கு ஒன்று, நாங்கள் நால்வருக்கு ஒன்று. நான் ஒரு போனில், இவர் கம்ப்யூட்டரில். 7:58-க்கு வீட்டில் யாரும் பேசவில்லை. மகள் நொடிமுள்ளைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு ஏசி, இரண்டு கீழ்ப்படுக்கையும் உறுதி. பெட்டி வேறு வேறு, பரவாயில்லை. நடுவில் நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கைதான் முக்கியம்.

காலை 7 மணிக்குச் சென்ட்ரலில் ஏறினால் மறுநாள் முற்பகல், கொல்கத்தாவுக்கு அக்கரையில் இருக்கும் ஷாலிமார் நிலையம். சுமார் 1,660 கிலோமீட்டர். கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி மூன்றையும் தாண்டிப் போகிற ரயில். கோதாவரிப் பாலம் பகல் வெளிச்சத்திலேயே வரும். பையனை ஜன்னல் பக்கம் உட்கார வைக்க வேண்டும்.

திரும்பும்போது விமானம். ஜனவரிக் காலையில் கொல்கத்தாவில் மூடுபனி கட்டும், விமானம் தாமதமாகும். திங்கள் சாயங்காலம் கிளம்புவதையே எடுத்தோம்.

டிசம்பர் 6, சனி

குறைந்த நாள் பயணத்தில் எது எப்போது மூடியிருக்கும் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். எதைப் பார்க்கலாம் என்பது அதற்கு அப்புறம்.

திங்கட்கிழமை கொல்கத்தாவில் பெரிய இடங்கள் எல்லாம் பூட்டு. இந்திய அருங்காட்சியகம், விக்டோரியா, தாகூர் பிறந்த ஜோராசாங்கோ வீடு, நேதாஜி பவன். அதோடு அது ஜனவரி 26 வேறு. ரெட் ரோட்டில் அணிவகுப்பு நடக்கும், மைதானத்தைச் சுற்றிச் சாலைகளைக் காலையில் மறித்திருப்பார்கள். ஆகவே திங்கள் கோயிலுக்கு.

காலேஜ் தெருவில் ஞாயிறு பெரும்பாலான கடைகள் திறக்காது. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தையே தொட மாட்டார்கள். தேவியின் காலடியில் வைத்துவிடுவார்கள். ஆகவே புத்தகக் கடைகளுக்குச் சனிதான். அன்று காலை அருங்காட்சியகம், மதியத்துக்கு மேல் காலேஜ் தெரு, அங்கேயே இந்தியன் காபி ஹவுஸ். அந்தக் காபி ஹவுஸ் மாடியில் என்று தெரிந்ததும் அம்மா முகத்தைப் பார்த்தேன். "மெதுவா ஏறிக்கறேன்" என்றார்.

அருங்காட்சியகம் 1814-இல் ஆசியச் சங்கத்தில் தொடங்கியது. பையன் மம்மிக்காகப் போகட்டும். நான் போவது, பௌத்த ஸ்தூபியைச் சுற்றியிருந்த பார்ஹுத் வேலிக்காக. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிவந்த கல். புத்தர் உருவத்தைச் செதுக்காமல் மரத்தையும் சக்கரத்தையும் காட்டியே அவர் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள் பலவற்றில் பிராமி எழுத்தில் பெயரே வெட்டியிருக்கும். அந்த ஒரு கூடத்துக்கே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

டிசம்பர் 20, சனி

அலுவலகத்து வங்காளித் தோழி இன்று ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தைச் சரிசெய்து கொடுத்தாள். அவள் பிறந்து வளர்ந்தது சியாம்பஜார்.

விடிகாலை மல்லிக் காட் பூச்சந்தை. ஞாயிறன்று மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும், டாக்சி பிடித்துப் போகச் சொன்னாள். ஹவுரா பாலத்தின் அடியிலேயே சந்தை. செண்டுமல்லியைக் கயிறு கயிறாகத் திரித்துத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்களாம். காளிக்குச் செம்பருத்தி, அதையும் மாலையாகக் கட்டிக் குவித்திருப்பார்கள். தலைச்சுமைக்காரர்கள் ஓட்டமாக வருவார்கள், சத்தம் கேட்டதும் ஒதுங்கிவிடுங்கள் என்றாள். அம்மாவும் அப்பாவும் படித்துறை ஓரத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கட்டும்.

அங்கிருந்தே பாலம். 1943-இல் திறந்தது. 26,500 டன் எஃகு. நட்டும் போல்ட்டும் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே சேர்த்தது. எஃகில் பெரும்பகுதி டாடா கொடுத்தது. பாலத்தின் பாதி வரை நடந்து போய்த் திரும்பலாம்.

அப்புறம்தான் பையனுக்குப் பிடித்த பகுதி. எஸ்பிளனேடிலிருந்து ஹவுராவுக்கு ஆற்றுக்கு அடியில் மெட்ரோ, 2024 மார்ச்சில் தொடங்கியது. ஆற்றுப் படுகைக்குக் கீழே போகும் நீளம் 520 மீட்டர். 45 நொடியில் கடந்துவிடும். நதி தொடங்குவதும் முடிவதும் தெரிய அந்த இடத்தில் சுரங்கச் சுவரில் நீல விளக்கு போட்டிருக்கிறார்களாம். கங்கைக்குக் கீழே போய், திரும்பும்போது ஹவுரா துறையில் படகு பிடித்துப் பாக்பஜார் வரை கங்கை மேலேயே வருவோம். படகில் சில ரூபாய்தான் டிக்கெட். இதைவிட நல்ல ஊர் சுற்றல் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாக்பஜாரில் நிவேதிதை வீடு. பக்கத்திலேயே குமார்துளி. சரஸ்வதி பூஜை முடிந்து இரண்டாம் நாள் என்பதால் பட்டறைகள் கொஞ்சம் காலியாகத்தான் இருக்கும். "அதுவும் நல்லதுதான், கைவேலைக்காரர்கள் அன்று நின்று பேசுவார்கள்" என்றாள் தோழி. வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கி உடம்பு கட்டி, அதன் மேல் களிமண் பூசி, காயவிட்டு, கடைசியில் கண் திறப்பார்கள். பொம்மை செய்யும் நம்மூர்க் குயவர்களைப் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு இது கட்டாயம் பிடிக்கும்.

இன்னொன்றும் சொன்னாள். சரஸ்வதி பூஜை முடியும் வரை அங்கே பிள்ளைகள் இலந்தைப்பழம் சாப்பிட மாட்டார்களாம், சாப்பிட்டால் பரீட்சையில் மார்க் வராது என்று. மகள் இதைக் கேட்டு ஒரே குஷி.

ஜனவரி 4, 2026, ஞாயிறு

பட்டியலிலிருந்து அடிக்கும் நாள். கஷ்டமான நாள்.

ஷிப்பூர் தாவரவியல் பூங்கா போயிற்று. 1787-இல் தொடங்கியது, அங்குள்ள ஆலமரத்தின் மூலத்தண்டை நோய் வந்து 1925-இல் அகற்றிவிட்டார்கள், விழுதுகளிலேயே மரம் நிற்கிறது. பார்க்கக் கொள்ளை ஆசை. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அரை நாள் தின்றுவிடும். ஜோராசாங்கோவும் போயிற்று, அதை எழுதும்போது கை வரவில்லை. தாகூர் வீட்டை ஓடி ஓடிப் பார்ப்பதற்குப் பார்க்காமல் இருப்பது மேல்.

விக்டோரியாவைப் பற்றி எனக்கும் இவருக்கும் நல்ல வாக்குவாதம். மக்ரானா வெள்ளைச் சலவைக்கல், 1906-இல் அடிக்கல், 1921-இல் திறப்பு. நடுவில் 1911-இல் தலைநகரம் டெல்லிக்குப் போய்விட்டது. மகாராணிக்கு நம் பணத்தில் கட்டிய மண்டபத்துக்குள் இரண்டு மணி நேரம் செலவழிக்க எனக்கு மனமில்லை. தோட்டத்தில் சாயங்காலம் நடப்போம் என்றேன். இவர் உள்ளே ஓவியங்கள் இருக்கின்றன என்கிறார். கடைசியில், வெள்ளி மாலை தோட்டம் எல்லோருக்கும். சனி அருங்காட்சியகம் முடிந்ததும் இவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டுக் காலேஜ் தெருவில் சேர்ந்துகொள்வார்.

டிராம் பற்றி மகளுக்கு நானே சொல்லி வைத்தேன். 1873-இல் குதிரை இழுத்துத் தொடங்கி, 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. ஒரு காலத்தில் ஊர் முழுக்க ஓடியது இப்போது விரல்விட்டு எண்ணும் தடங்களில்தான். மைதானத்தில் ஒரு பாரம்பரியத் தடத்தை வைத்துக்கொண்டு மீதியை நிறுத்துவதாக 2024-இல் மாநில அரசு அறிவித்தது; வழக்கு நடக்கிறது. எங்கே பார்த்தாலும் ஏறிவிட வேண்டும், எங்கே போகிறது என்று கேட்கக்கூடாது என்று அவளும் நானும் ஒப்பந்தம்.

ஜனவரி 18, ஞாயிறு

திங்கட்கிழமைக் கணக்கு இன்று கூடி வந்தது. தட்சிணேஸ்வரம், பேலூர் இரண்டும் மதியம் நடை சாத்திப் பிற்பகலில்தான் திறக்கும். இதைப் பார்க்காமல் 11 மணிக்குக் கிளம்பினால் இரண்டு வாசலிலும் நின்றுவிட்டு வர வேண்டியதுதான். விடுமுறை நாள் என்பதால் கூட்டமும் இருக்கும். முதலில் தட்சிணேஸ்வரம். ராணி ராஷ்மோனி 1855-இல் எழுப்பியது, ஒன்பது கோபுரம், ஆற்றைப் பார்த்து வரிசையாகப் பன்னிரண்டு சிவன் சன்னிதி. நிலையத்திலிருந்து கோயில் வரை ஆகாய நடைபாதை, நகரும் படிக்கட்டு உண்டு. அம்மாவின் முட்டிக்கு அதுவே பெரிய உதவி. தரிசனம் முடித்துத் துறையில் படகு ஏறினால் எதிர்க்கரையில் பேலூர் இறங்கலாம். நடை சாத்துவதற்குள் அங்கே இருக்க வேண்டும்.

இனிப்புக்குக் குளிர்காலம்தான் சரியான பருவம். ஈச்சமரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்கிற புது வெல்லம், நொலேன் குர், இப்போது மட்டும்தான் கிடைக்கும். அதில் செய்த சந்தேஷை அன்றன்றே சாப்பிட வேண்டும், ஊருக்குக் கட்டி எடுத்துப் போக நினைக்காதே என்று தோழி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஜனவரி 21, புதன்

பெட்டி கட்டியாயிற்று. அம்மாவுக்கு மஞ்சள் புடவை ஒன்று தனியாக எடுத்து வைத்தேன். வசந்த பஞ்சமிக்கு ஊரே மஞ்சள் உடுத்தும், அதிலும் மாணவிகள் மஞ்சள் புடவையில் கூட்டம் கூட்டமாகத் தெருவில் போவார்கள். மகளுக்கும் ஒன்று. எல்லோருக்கும் ஸ்வெட்டர். அப்பா தன் பையில் பாரதி கவிதைத் தொகுப்பையும் முட்டி தைலத்தையும் சேர்த்து வைத்திருக்கிறார்.

ஷாலிமாரில் இறங்கியதும் டாக்சி, வித்யாசாகர் பாலம் வழியாக அறைக்கு. குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம். அப்புறம்தான் வெளியே. இதை மட்டும் யாரும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். காலை 5:15-க்கு வண்டி வருகிறது. டிரைவருக்கு இப்போதே ஒரு தடவை போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும்.