பேசாமல் படித்த ஆங்கிலம்

1986இல் ஆண்டு ஆறுக்கு யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரிக்கு வந்தபோது ஆங்கிலம் எனக்குப் புதிதல்ல. மூன்றாம் வகுப்பிலிருந்தே அந்தப் பாடம் இருந்தது. ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ரீச்சர்மார் வருவதும் மாற்றலாகிப் போவதுமாக இருந்ததால், நாங்கள் கொண்டுவந்தது இருபத்தாறு எழுத்தும் சில பழங்களின் பெயரும்தான். பட்டினப் பக்கத்துப் பெடியளோ ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறாமல் வாசித்தார்கள். எல்லாருக்கும் ஒரே இலவசப் பாடநூல், ஒரே வகுப்பு. முதல் வாரத்திலேயே முன்வாங்கு, பின்வாங்கு என்று நாங்களாகப் பிரிந்துகொண்டோம்.

ஆறிலும் ஏழிலும்தான் நாங்கள் வேகமாக முன்னேறினோம். ரீச்சர் ஒரு வசனம் சொல்ல, வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்லும். பெயரை மாற்று, வினையை மாற்று, மறுபடி சொல். ‘கோ, வென்ட், கோன்’ என்று வாய்பாடு போல ஒப்புவித்தோம். இன்றைய கல்வியாளர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் பின்வாங்குக்காரருக்கு அந்தக் கோரஸ் பெரிய பாதுகாப்பு. பிழையாகச் சொன்னாலும் யாருக்கும் கேட்காதே.

1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியதும் பாடசாலைகள் அகதி முகாம்களாகின. அடுத்த மாதம் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அந்த இணைப்பு மொழியைப் படிக்க எங்களுக்கு வகுப்பறைதான் இல்லை! பாடநூலுக்கு வெளியே நான் முதன்முதலில் ஆங்கிலம் பேசியது அதற்குப் பிறகு, ஒரு சோதனைச் சாவடியில். எங்கே போகிறாய் என்று இந்தியச் சிப்பாய் ஆங்கிலத்தில் கேட்டார். பாடசாலைக்குப் போகிறேன் என்று முழு வசனமாகச் சொன்னேன். அவருக்கும் எனக்கும் ஆங்கிலம் ஏறத்தாழ ஒரே அளவுதான் தெரியும். அதனால் ஒருவர் சொன்னது மற்றவருக்கு நன்றாகவே விளங்கியது.

ஒன்பதாம் ஆண்டில் எல்லாம் நின்றுவிட்டது. செயப்பாட்டு வினை, பிறர் கூற்று என்று இலக்கணம் ஏறிக்கொண்டே போனது, வாய் மட்டும் திறக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு மலாயன் பென்சனியர், அதாவது மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர், இருந்தார். சரித்திரம், கணக்கு, புவியியல் எல்லாவற்றையும் மிஷன் பள்ளியில் ஆங்கிலத்திலேயே படித்தவர். நான் கொப்பியில் எழுதியதைப் பார்த்துவிட்டு, “இலக்கணம் சரியாய்த்தான் இருக்குது தம்பி, ஆனால் ஆரும் இப்பிடிக் கதைக்கிறேல்லை” என்பார். அவர் காலத்தில் ஆங்கிலம் மற்றப் பாடங்களைப் படிக்கும் மொழி. 1940களின் நடுப்பகுதியில் கீழ் வகுப்புகளில் தொடங்கி மெல்ல மெல்லப் போதனை தாய்மொழிக்கு மாறிய பிறகு, ஆங்கிலம் நாற்பது நிமிடப் பாடவேளையாகச் சுருங்கியது. தாய்மொழிக்கு மாறியது சரியான முடிவுதான். அது இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் விஞ்ஞானம் படித்திருக்கவே மாட்டோம். ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில் பேச்சுக்கு என்று ஐந்து நிமிடமாவது ஒதுக்கியிருக்கலாம்.

பத்தாம் ஆண்டில், 1990 ஜூனில், மறுபடி சண்டை தொடங்கி மின்சாரம் போனது. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. பற்றரி வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். பெரியவர்களுக்கு பி.பி.சி.யின் தமிழோசை முடிந்ததும் காரியம் முடிந்தது. எங்கள் ஆங்கில சேர் மட்டும், “இன்னும் கொஞ்சம் சுத்துங்கோ, இங்கிலீஷ் நியூசையும் கேளுங்கோ” என்று சொல்லிவிட்டிருந்தார். கை மாற்றி மாற்றிச் சுற்றினோம். முதலில் ஊர்ப் பெயர்களும் எண்களும் மட்டும் பிடிபட்டன. அப்புறம் எங்கே ஒரு வசனம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது பிடிபட்டது. ஆறு வருடத்தில் காதுக்குக் கிடைத்த ஒரே பயிற்சி அதுதான், அதுவும் பாடத்திட்டத்தில் இல்லாதது.

பதினொன்றில் கடந்தகால வினாத்தாள்களைத் தவிர வேறெதுவும் இல்லை. இடைவெளி நிரப்பு, கடிதம், கட்டுரை. பதினொன்றின் முடிவில் வரும் ஓ.எல். பொதுப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு வாய்மொழிப் பரீட்சை கிடையாது. போதாக்குறைக்கு, ஏ.எல். என்ற உயர்தர வகுப்புக்குப் போவதற்குத் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம் சித்தியடைய வேண்டும், ஆங்கிலம் தவறினாலும் பாதகமில்லை. கெட்டிக்காரப் பெடியள்கூட ரியூட்டரிக் காசைக் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் போட்டுவிட்டு ஆங்கிலத்தைக் கடவுளிடம் விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

லண்டனுக்கு வந்தபோது படிவம் நிரப்ப எனக்கு யாரும் தேவைப்படவில்லை. ஆனால் பஸ்காரர் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. சில மாதங்களில் காது திறந்ததும், கொப்பியில் கிடந்த இலக்கணம் மளமளவென்று வாய்க்கு வந்தது. அடித்தளம் இருந்ததால்தான் அது நடந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

என் மகள் இங்கே ஏழாம் ஆண்டில் பிரெஞ்சு தொடங்கியபோது இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். முதல் தவணையிலேயே தன் பெயர், வயது, வீட்டுப் பூனை என்று பேசினாள். ஏன் வினை அப்படி மாறுகிறது என்று கேட்டால், “அப்படித்தான் வரும் அப்பா” என்பாள். ஒன்பதாம் ஆண்டு வரை பழைய விடயங்களையே இறந்தகாலத்திலும் எதிர்காலத்திலும் சொல்லப் பழகினார்கள். இங்கிலாந்தில் 2004 முதல் பதினான்கு வயதுக்கு மேல் அந்நிய மொழி கட்டாயமில்லை. அவளுடைய தோழிகள் பலர் அத்துடன் கைவிட்டார்கள், இலக்கணம் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கத் தொடங்கும் நேரத்தில். இவள் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பொதுப் பரீட்சை வரை போனாள். அதில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் தலா 25 வீதம். எங்களுக்கு அப்படி ஒரு பரீட்சை இருந்திருந்தால் பாதிப் புள்ளி பூச்சியம்தான்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் கல்லூரிக்கு அனுப்பும் பணத்தில் கணினியும் புத்தகமும் வாங்குகிறார்கள், நல்லது. ஆனால் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளோடு சனிக்கிழமை அரை மணி நேரம் ஸூமில் ஆங்கிலத்தில் கதைக்க எங்களில் பத்துப் பேர் கிடைத்தால், அதற்குச் சதம்கூடச் செலவில்லை. இங்கே காலை ஒன்பது என்றால் அங்கே குளிர்காலத்தில் பிற்பகல் இரண்டரை, கோடையில் ஒன்றரை. விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கிரிக்கெட், சாப்பாடு, சினிமா எதைப் பற்றியும் கதைக்கலாம். இலக்கணம் திருத்தப் போகாதீர்கள், அதை அங்குள்ள ஆசிரியர்கள் எங்களைவிட நன்றாகவே செய்வார்கள்.