அலமாரியில் உறங்கும் பணம்

பினாங்கு லெபோ பாசாரில் என் பெரியப்பா நடத்திவரும் சேலைக் கடைக்குக் கணக்கு எழுதுபவன் நான். அந்தத் தெருவை அவர் இன்றும் மார்க்கெட் ஸ்திரீட் என்றுதான் சொல்வார். வியாபாரம் படுத்துவிட்டால் புதிதாக எதையாவது செய்ய வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. வந்திருப்பது எந்த வகை மந்தம் என்று முதலில் கேட்பவர்கள்தாம் குறைவு. எங்கள் கடையும் அதை இரண்டு நெருக்கடிகளுக்குப் பிறகே கேட்கத் தொடங்கியது.

1997-இன் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலர் ஏறத்தாழ 2.50 வெள்ளியாக (மலேசிய ரிங்கிட்) இருந்தது. 1998 ஜனவரியில் அது 4.80-ஐத் தாண்டியது. ஒரு வெள்ளிக்குப் பதினான்கு ரூபாய் கிடைத்த நிலை மாறி எட்டு ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டதால், இந்தியாவிலிருந்து புதுச் சரக்கு எடுத்தவர்கள் விழி பிதுங்கினார்கள். பெரியப்பாவோ முந்திய ஆண்டே மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கியிருந்தார். பழைய விலைக்கு வாங்கியதை நிதானமாக விற்று அவர் தாக்குப்பிடித்தார். 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 வெள்ளி என்று அரசாங்கம் மாற்று விகிதத்தைக் கட்டி நிறுத்தியபோது, சரக்கே சொத்து என்ற நம்பிக்கை அவருக்குள் வேரூன்றிவிட்டது.

அதே நம்பிக்கைதான் 2020-இல் எங்களை மூழ்கடிக்கப் பார்த்தது. சித்திரைப் புத்தாண்டுக்கான சரக்கு வந்திறங்கிய சில நாள்களில், மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. மளிகைக் கடைகள் திறந்திருந்தன. துணிக்கடை அத்தியாவசியப் பட்டியலில் இல்லை. இம்முறை விலை ஏறவில்லை, வாங்க ஆளே இல்லை. வங்கிக் கடன் தவணைகளை ஏப்ரல் 1 முதல் ஆறு மாதங்களுக்கு ஒத்திவைக்க மத்திய வங்கியான பேங்க் நெகாரா வழிசெய்தது மூச்சுவிட உதவியது என்றாலும், ஒத்திவைப்பு தள்ளுபடி அன்று என்பதை அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் அக்டோபரில்தான் உணர்ந்தார்கள். அவசரத்துக்குக் கூட்டுச் சீட்டு பிடிக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. 'கூட்டு' என்ற நம் சொல்லையே பெயரில் தாங்கிய 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்திருப்பதை நினைவூட்டிப் பெரியப்பாவின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த அடைப்பு நாள்களில் அவருக்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஆண்டு முழுவதும் விற்கும் சேலைகளின் கொள்முதல் விலை 200,000 வெள்ளி என்றும், எந்நேரமும் அலமாரியில் 100,000 வெள்ளிச் சரக்கு இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் நாம் போட்ட ஒவ்வொரு வெள்ளியும் திரும்பி வர ஆறு மாதம் ஆகிறது. சரக்கைப் பாதியாகக் குறைத்து அதே விற்பனையைச் செய்தால் மூன்று மாதம் போதும். விடுபடும் 50,000 வெள்ளி, மாதம் 5,000 வாடகை கட்டும் கடைக்குப் பத்து மாத வாடகை. அதற்கு வட்டியும் இல்லை, ஜாமீனும் தேவையில்லை.

அதன்பின் செய்தவை எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவையே. பழைய சரக்கை அண்ணி முகநூல் நேரலையில் விரித்துக் காட்டி அடக்க விலைக்கே விற்றார். புதியவற்றை வாங்கி அடுக்காமல், நெசவாளர்கள் அனுப்பும் படங்களைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) வாடிக்கையாளர்களுக்குக் காட்டி, பாதித் தொகையை முன்பணமாகப் பெற்ற பிறகே கொள்முதல் செய்தோம். "தொட்டுப் பார்க்காமல் யார் சேலை வாங்குவார்கள்?" என்று பெரியப்பா கேட்டார். பாதி சரிதான்: பருத்திச் சேலைகள் விற்றன, பட்டு நிறம் வேறாக இருக்கிறதென்று திரும்பி வந்தது. ஆகவே பட்டை நேரலையிலிருந்து எடுத்துவிட்டு, கடை திறந்த பின் நேரம் குறித்து வரவழைத்துக் காட்டினோம். நவம்பர் 14-ஆம் தேதி தீபாவளி. அதற்கு ஐந்து நாள் முன்பு பினாங்கிலும் மீண்டும் கட்டுப்பாடு வந்தபோது எங்கள் அலமாரி ஏற்கெனவே பாதி காலியாக இருந்தது.

2024 பிப்ரவரியில் டாலர் மறுபடியும் 4.80 வெள்ளியை நெருங்கியது. "தம்பி, இப்போதாவது வாங்கி அடுக்கலாமா?" என்று பெரியப்பா ஆவலோடு கேட்டார். நாங்கள் பணம் கட்டுவது ரூபாயில். இடைப்பட்ட ஆண்டுகளில் டாலருக்கு எதிராக ரூபாயும் இறங்கியிருந்ததால், ஒரு வெள்ளிக்கு அப்போதும் பதினேழு ரூபாய்க்கு மேல் கிடைத்தது. கணக்கைப் பார்த்துவிட்டு அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஒருபோதும் மோஸ்தர் மாறாத வெள்ளை வேட்டியில் மட்டும் இரண்டு மூட்டை கேட்டார். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.