டாலர் ஏறினால் யார் காட்டில் மழை?

2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியதும், பார்க்கிற சொந்தக்காரர் எல்லாம் "உங்க காட்டுல மழைதான் போங்க" என்றார்கள். திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஸ்டிங், அதாவது துணிக்கு விலைக் கணக்கு, போடுகிறவன் என்றால், டாலர் கட்டுக்கட்டாக வீட்டுக்கே வருகிறது என்று நினைப்பு.

எங்கள் காஸ்டிங் ஷீட்டில் நூல், நிட்டிங், டையிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் ரூபாயில் இருக்கும். கடைசியில் ஒரே ஒரு கட்டத்தில் டாலர் ரேட். அந்தக் கட்டத்தை மட்டும் முதலாளிதான் நிரப்புவார். மார்க்கெட்டை விட ஒன்றிரண்டு ரூபாய் குறைத்தே போடுவார். ஆர்டர் பிடித்து, சாம்பிள் ஓகே வாங்கி, சரக்கு கப்பலேறிப் பணம் கைக்கு வர ஆறு மாதம் ஆகிவிடும். அன்றைக்கு டாலர் எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு டி-ஷர்ட் 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 83 இருந்தபோது 249 ரூபாய். 90 ஆனால் 270. பீஸுக்கு 21 ரூபாய் லாபம் என்று தோன்றும். ஆனால் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரும் பேப்பர் படிக்கிறான். அடுத்த சீசன் பேச்சுவார்த்தையில் முதல் வார்த்தையே "உங்க கரன்சி வீக் ஆயிடுச்சே" என்பதுதான். 15 சென்ட் குறைத்தால் அதிலேயே பதிமூன்றரை ரூபாய் போச்சு. மிச்சத்தை நூல் தின்றுவிடும். பருத்தி உள்ளூரில் விளைவதுதான். ஆனால் ரூபாய் இறங்கினால் நம் நூல் வெளிநாட்டுக்காரனுக்கு மலிவாகிவிடும், அவன் அள்ளுவான், மில்காரர் உள்ளூர் விலையை ஏற்றுவார். சாயக் கெமிக்கல், ஜெர்மன் ஊசி, தைவான் நிட்டிங் மெஷின் இதெல்லாம் இறக்குமதி, சொல்லவே வேண்டாம்.

போதாததற்குப் பக்கத்து நாட்டுக்காரன் சும்மா இருப்பானா? 2024 மே மாதம் பங்களாதேஷ் ஒரே நாளில் தன் நாணயமான டாக்காவின் மதிப்பை டாலருக்கு 110-லிருந்து 117 என்று இறக்கியது. ஐரோப்பாவுக்குத் தீர்வையே இல்லாமல் சரக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். அந்த வாரம் எங்கள் விலைக்கு வந்த பதில்களை இங்கே எழுத முடியாது.

ரூபாய் ஏறினாலும் அடிதான். 2007 தொடக்கத்தில் 44 ரூபாய் வாக்கில் இருந்த டாலர், வருஷக் கடைசியில் 39-க்கு வந்தது. அந்நிய முதலீடு கொட்டியது. விலைவாசியைப் பிடிக்க ரிசர்வ் வங்கிக்கும் ரூபாய் வலுவாக இருப்பது வசதி. பழைய ரேட்டில் விலை பேசி முடித்தவர்களுக்குத்தான் திண்டாட்டம். அரசு டிராபேக்கை, அதாவது ஏற்றுமதிக்குத் திருப்பித் தரும் தீர்வையை ஏற்றி, பேக்கிங் கிரெடிட் என்கிற ஏற்றுமதிக் கடன் வட்டியில் சலுகை கொடுத்துச் சமாளித்தது. அந்தப் பயத்தில்தான் சிலர் வங்கி நீட்டிய டெரிவேட்டிவ் (நாணய மதிப்பின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் போடும் ஒப்பந்தம்) காகிதங்களில் கையெழுத்துப் போட்டார்கள். விற்பது டாலருக்கு, ஒப்பந்தமோ சுவிஸ் பிராங்க் மேலே, யென் மேலே! பனியன் தைக்கிறவருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் என்ன சம்பந்தம்? 2008-ல் அது திரும்பி அடித்தபோது பலர் கோர்ட் ஏறினார்கள்.

ஆகவே "ரூபாயை இன்னும் இறக்கி விடுங்கள்" என்று எக்ஸ்போர்ட்காரர்கள் கேட்கும்போது எனக்கு ஒப்புவதில்லை. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு இது. ரூபாய் சரிந்தால் டீசல் ஏறும், தூத்துக்குடி வரை போகும் லாரி வாடகையும் ஏறும். ரிசர்வ் வங்கி டாலரை விற்றுச் சரிவின் வேகத்தைக் குறைக்கிறது. அதுவும் கையிருப்பு உள்ளவரைதான். சரிவு எங்களைக் கொல்லாது, திடீர்ச் சரிவும் திடீர் ஏற்றமும்தான் கொல்லும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் தீர்வை போட்டபோது பார்த்தோமே. அதற்குப் பிறகு டிசம்பருக்குள் ரூபாய் இறங்கியது மூன்று சதவீத அளவு. இந்த மூன்று அந்த ஐம்பதுக்கு எந்த மூலைக்கு?

இப்போது எங்கள் கம்பெனியில் ஆர்டர் மதிப்பில் பாதிக்கு ஃபார்வர்ட் புக் பண்ணுகிறோம், அதாவது பின்னால் வரும் டாலருக்கு இன்றைக்கே வங்கியில் ரேட்டைப் பேசி வைத்துவிடுகிறோம். மீதிப் பாதியை முதலாளி திறந்தே வைத்திருக்கிறார், இன்னும் ஏறும் என்று. முழுசையும் பூட்டிவிடலாங்க என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.