பூவிலிருந்து தொடங்குங்கள்: தோட்டக்கலை முதுநிலை நுழைவுத் தேர்வுக்கு நான் படித்த முறை

ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) முதுநிலை நுழைவுத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. பழ அறிவியல் பிரிவில் இடம் கிடைக்கும் என்று நம்பும் அளவுக்குத் தரவரிசையும் அமைந்திருக்கிறது. பாரம் இறங்கிய இந்த வேளையிலேயே எழுதிவிட விரும்புகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து தோட்டக்கலை படிக்கச் சென்றிருக்கும் தம்பி தங்கைகள் பலர், பாடத்தில் பாதி வீட்டைச் சுற்றியே வளர்ந்து நிற்கும்போது, யாரோ தொகுத்த வினாத் தொகுப்புகளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். எனக்குக் கைகொடுத்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்: எந்தப் பயிரையும் அதன் பூவிலிருந்து படிக்கத் தொடங்கினேன். பாடநூல்கள் தாயகம், மண், தட்பவெப்பம் என்று தொடங்கும். பூ எங்கோ நடுவில் ஒரு பத்தியாக வந்து போய்விடும். நான் பயிருக்கு ஒரு தாள் வைத்து, பூ எந்தக் கிளையில் வருகிறது, இருபாலா தனிப்பாலா, மகரந்தம் எப்படிச் சேர்கிறது, பூவின் எந்தப் பகுதி நாம் உண்ணும் பொருளாகிறது என்பவற்றை முதலில் எழுதினேன். மற்றவை அவற்றின் பின்னால் வந்து சேர்ந்தன.

ஜாதிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையிலிருந்து வந்த கன்று எது என்பது பூக்கும் வரை தெரியாது, பூக்கவோ ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆகவே பெண் மரத்திலிருந்து தண்டு எடுத்து ஒட்டுக் கட்டுகிறார்கள். நேராக மேலே போகும் தண்டிலிருந்து எடுத்தால் மரம் நிமிர்ந்து வளரும். பக்கக் கிளையிலிருந்து எடுத்தால் புதர்போலப் படரும். தோட்டத்தில் மகரந்தத்துக்காகப் பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் வேண்டும். இனப்பெருக்க முறை, அதற்கான காரணம், மரத்தின் வடிவம், பால் விகிதம் என நான்கு வினாக்களுக்கான விடை ஒரே பூவிலிருந்து கிடைத்துவிட்டது. மிளகின் காய்க்கும் பக்கக் கிளையை வேர்விடச் செய்தால் கொடியாக ஏறாமல் புதர் மிளகாவதும் இதே காரணத்தால்தான் என்பது பிடிபட்டபோது, அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டிய தேவையே எனக்கு ஏற்படவில்லை.

கிராம்பில் நாம் விற்பது விரியாத மொட்டு. பச்சை நிறம் மாறி இளஞ்சிவப்பு ஏறும் தருணத்தில் பறிக்க வேண்டும். விரிந்துவிட்டால் தரம் போய்விடும். மாறாமலையிலும் கரும்பாறையிலும் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காய்ந்த கிராம்பு ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள்: நீண்ட காம்பு போலத் தெரிவது பூவின் அடிப்பகுதி, அதன் மேல் நான்கு புல்லிகள், நடுவில் உருண்டையாக மூடியிருப்பவை இதழ்கள். சக்கைப்பழத்தில், அதாவது பலாவில், சுளை என்பது பூவின் இதழ்வட்டம் சதைப்பற்றானது. சுளைகளுக்கிடையே நிற்கும் நார் போன்ற பகுதி கருவுறாத பூக்களுடையது.

வாழையின் மரபணுத் தொகுதிக்கும் பூதான் திறவுகோல். நாம் உண்ணும் வாழைகள் அக்குமினேட்டா (ஏ), பால்பிசியானா (பி) என்ற இரு காட்டு இனங்களிலிருந்து வந்தவை. சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு இருவரும் 1955-இல் வகுத்த 15 பண்புகளில் பெரும்பாலானவை பூவையும் பூமடலையும் சார்ந்தவை. அக்குமினேட்டா பண்புக்கு 1, பால்பிசியானா பண்புக்கு 5 என்பதால் மொத்தம் 15-லிருந்து 75 வரை வரும். மடல் பின்னோக்கிச் சுருண்டால் அக்குமினேட்டாவின் பண்பு, சுருளாமல் நின்றால் பால்பிசியானாவின் பண்பு. மட்டி ஏஏ, செந்துளுவன் ஏஏஏ, நேந்திரன் ஏஏபி, மொந்தன் ஏபிபி என்பதை வீட்டு விளையில் குலை தள்ளும் வாழைகளோடு சேர்த்துப் படித்தால் குழப்பம் வராது.

மலரியலுக்குத் தோவாளைப் பூச்சந்தையைவிட நல்ல ஆய்வகம் எனக்குக் கிடைக்கவில்லை. பிச்சியின் மொட்டில் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும், அது ஜாஸ்மினம் பேரினத்தின் கிராண்டிஃபுளோரம் இனம். உருண்டு திரண்ட மல்லிகை சம்பக். சிறிய முல்லை ஆரிகுலேட்டம். மாலைக்கு மொட்டாகவும், வாசனைப் பசை எடுக்க விரிந்த பூவாகவும் பறிப்பார்கள். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் தேர்வறையில் தயங்க மாட்டார்கள்.

மாணவர்களிடம் சுற்றிவரும் குறிப்புகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. நான் படித்த ஒன்றில் ஆம்ரபாலி, மல்லிகா என்ற இரு கலப்பின மா ரகங்களின் பெற்றோர் இடம் மாறியிருந்தன. ஆம்ரபாலி தசேரி × நீலம். மல்லிகா நீலம் × தசேரி. தாய் மரம்தான் முதலில் எழுதப்படும் என்பதையும், அதன் பூவில்தான் மகரந்தப்பைகள் நீக்கப்படும் என்பதையும் அறிந்தவர்கள் வரிசையை அலட்சியமாக மாற்றி எழுத மாட்டார்கள். ஏமாந்த மாணவர்களுக்கு அந்த மதிப்பெண்ணை யார் திருப்பிக் கொடுப்பது?

மற்றவை, சுருக்கமாக:

காய்கறி ரகங்களுக்குப் பூ உதவாது. எழுதி எழுதித்தான் படிக்க வேண்டும்.
பரப்பளவு, உற்பத்திப் புள்ளிவிவரங்களைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை ஆண்டுதோறும் மாறுபவை.
பேச்சிப்பாறை ஆராய்ச்சி நிலையத்தின் பிபிஐ 1 பலா, பிபிஐ (சி) 1 இலவங்கப்பட்டை, பிபிஐ (கே) 1 கொடம்புளி ஆகியவை நம் மாவட்டத்து ரகங்கள். கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.
சதுர முறையைவிட அறுகோண முறையில் 15 விழுக்காடு அதிகக் கன்றுகள் நடலாம். வரைந்து பாருங்கள், மறக்காது.
கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக, விடியற்காலையில், கையால் எழுதிப் படிப்பவர்களுக்கே இந்த முறை முழுதாகப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

தேர்வறையில் 120 வினாக்களுக்கு 120 நிமிடங்கள். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும் என்பதால், நான்கு விடைகளில் இரண்டை உறுதியாக ஒதுக்க முடிந்தால் மீதியில் ஒன்றைத் தயங்காமல் குறியுங்கள். சராசரியாக ஒவ்வொரு வினாவிலும் ஒன்றரை மதிப்பெண் உங்கள் பக்கம் சேரும். முதல் சுற்றில் உறுதியானவற்றை மட்டும் முடித்துவிட்டு, ஐயமானவற்றுக்கு இரண்டாம் சுற்றில் திரும்புங்கள். அப்போதும் அந்தப் பயிரின் பூவை நினைவுக்குக் கொண்டுவந்து, அதனோடு பொருந்தாத விடைகளை முதலில் நீக்குங்கள்.