கார்த்திகை முதல் தேதி, மாயவரம் காவிரியில்

ஐப்பசி மாதம் முழுவதும் மாயவரம் (மயிலாடுதுறை) காவிரியில் கங்கையும் இருக்கிறாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஊர் உலகத்தின் பாவத்தையெல்லாம் வாங்கிக்கொண்ட கங்கை, சூரியன் துலா ராசியில் இருக்கும் அந்த மாதத்தில் இங்கே வந்து முழுகித்தான் அதைத் தொலைக்கிறாளாம். மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. ஊர்க் கோயில்களின் சுவாமிகள் புறப்பட்டுத் துலாக்கட்டம் என்கிற காவிரிப் படித்துறைக்கு வந்து தீர்த்தம் கொடுப்பார்கள். அன்றைக்குக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது.

முட்டி வலி வந்த பிறகு அம்மாவை அந்தக் கூட்டத்துக்குள் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவேதான் ஆரம்பித்தாள்: "மறுநாள் போவோமேடா, முடவன் முழுக்குக்கு. என்னை மாதிரி ஆளுக்குன்னே வெச்ச நாள்தானே அது?"

கதை தெரிந்ததுதான். கால் இல்லாத ஒருவர் துலா ஸ்நானத்துக்கு ஆசைப்பட்டு எங்கிருந்தோ ஊர்ந்து ஊர்ந்து வருகிறார். வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிடுகிறது. "என் மேல் என்ன தப்பு?" என்று ஊர்ச் சிவனான மாயூரநாதரிடம் முறையிடுகிறார். "நாளைக்கு முழுகு, அதே பலன் உண்டு" என்கிறார் சுவாமி. ஒருவருக்காகக் கொடுத்த அந்த நாள் எல்லோருக்கும் ஆனது. சின்ன வயதில் இதைக் காதில் வாங்கியதோடு சரி. அம்மாவின் கையைப் பிடித்துப் படித்துறையில் ஒவ்வொரு படியாக இறங்கியபோதுதான் அது எவ்வளவு பெரிய கருணை என்று புரிந்தது.

விடியற்காலையில் மழை விட்டிருந்தது. வடக்கே எங்கோ இலை பழுத்து உதிர்கிற இந்த மாதங்களில் எங்கள் டெல்டாவில் எங்கு பார்த்தாலும் பச்சைதான். வடகிழக்குப் பருவமழைக்கு வயல்கள் ததும்பி நிற்கும். வழியெல்லாம் சம்பா பயிரும் தவளைச் சத்தமும் கூடவே வந்தன. காவிரி செம்மண் கலந்து கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தாள். எங்களுக்கு அதுதான் அழகு. காவிரி காய்ந்து கிடந்து, துலாக்கட்டத்தில் குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டுத் திரும்பிய ஐப்பசிகளும் உண்டு.

ஆற்றின் நடுவே மண்டபத்தில் நந்தி இருக்கிறார். சிவனைச் சுமப்பதால் தானே வேகமானவன் என்று கர்வப்பட்டு, அது அடங்கிய பிறகு இங்கேயே தங்கிவிட்டவர். வடகரையில் வள்ளலார் கோயிலுக்குப் போனால் அவருக்கு உபதேசம் செய்த தட்சிணாமூர்த்தியை நந்தியின் மேலேயே அமர்ந்த கோலத்தில் பார்க்கலாம். வேறு எங்கும் நான் கண்டதில்லை. கண்டிக்கவும் செய்து, கூடவே வைத்தும் கொள்கிற குரு.

கார்த்திகை ஒன்று என்பதால் கரை முழுக்க ஐயப்ப சாமிகள். கறுப்பு வேட்டி, நீல வேட்டி, ஈரத் துளசி மாலை. ஒரு கன்னிசாமி, பத்து வயது இருக்கலாம், நடுங்கிக்கொண்டே சரணம் சொன்னான். அம்மா முழுகி எழுந்து தடுமாறியபோது பக்கத்தில் நின்ற ஒரு குருசாமி சட்டென்று தோளைத் தாங்கினார். "பார்த்தும்மா, பாசி இருக்கு." மூன்று முழுக்கும் போட்டுவிட்டுத்தான் அம்மா படியேறினாள்.

ஈரம் மாற்றிக்கொண்டு மாயூரநாதர் கோயில். அம்பிகை மயிலாக வந்து பூசித்த தலம். அபயாம்பிகை சன்னதியில் நின்றால் அந்தப் பெயரே ஆறுதலாக இருக்கும். அம்பாள் சன்னதி அருகே ஒரு லிங்கத்துக்குப் புடவை கட்டியிருப்பார்கள். அவசரமாகப் போகிறவர்கள் தவறவிட்டுவிடுவார்கள், நின்று பாருங்கள். நாதசர்மா, அனவித்யை என்ற தம்பதி துலா நீராட வந்தும் ஐப்பசிக்குள் எட்டமுடியாமல் போனவர்கள். அவர்களுக்கும் இறைவன் மறுநாள் விடியலில் முழுகச் சொல்லி, தன்னோடு சேர்த்துக்கொண்டார் என்பது தலபுராணம். அந்த அம்மையார் ஐக்கியமான லிங்கத்துக்குத்தான் புடவை. அம்மா அங்கே வெகுநேரம் நின்றாள். அப்பாவை நினைத்திருப்பாள். நான் கேட்கவில்லை.

அப்புறம் திருஇந்தளூர் பெருமாள் கோயில். காவிரிக் கரையின் ஐந்து அரங்கத் தலங்களான பஞ்சரங்கத்தில் ஒன்று. பரிமள ரங்கநாதரின் தலைமாட்டில் காவிரித் தாயார், திருவடியில் கங்கைத் தாயார். இந்த ஊரில் காவிரிக்கு அத்தனை மரியாதை. திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது நடை சாத்தியிருந்ததாம். கோபித்துக்கொண்டு, "வாழ்ந்தே போம் நீரே" என்று பெருமாளையே வாசலில் நின்று கேட்டார். பிறகு அந்தக் கோபத்தையும் பாசுரமாகவே ஏற்றுக்கொண்டார் பெருமாள். நேரம் தப்பி வந்தவர்களுக்கு இந்த ஊரின் தெய்வங்கள் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவிடம் சொன்னேன். "நமக்குத்தான் அவசரம், அவனுக்கு என்ன அவசரம்?" என்றாள்.

வயதானவர்களைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் தயங்காமல் கார்த்திகை முதல் தேதியைத் தேர்ந்தெடுங்கள். நவம்பர் 16 அல்லது 17-இல் வரும். பஞ்சாங்கத்தில் முடவன் முழுக்கு என்றே போட்டிருக்கும். கூட்டம் கடைமுழுக்கு அளவுக்கு இருக்காது. சூரியன் எழுமுன் கரைக்குப் போய்விடுங்கள். மழைக்காலம், படிகள் வழுக்கும். மாற்றுத்துணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கைத்தடியும் கொண்டுபோவது நல்லது. நீராடியதும் முதலில் மாயூரநாதர், பிறகு இந்தளூர் என்று வைத்துக்கொண்டால் உச்சிவேளை நடை சாத்துவதற்குள் நிதானமாகத் தரிசித்துவிடலாம்.