தீக்குச்சி செருகிய துளை

தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு தென்காசி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போகும் லாரி எது என்று கதவைத் திறந்து பார்த்தே சொல்லிவிடலாம். அடிவிளிம்பு பொரிந்திருக்கும். தண்ணீர் வடிய விட்ட துளைகள் அடைத்துக் கிடக்கும். கீலைச் சுரண்டினால் துரு செதில் செதிலாக உதிரும். உப்புக்குத் துணையாக ஆடிக்காற்று வேறு. கயத்தாறு வெட்டவெளியில் வண்டியை ஓரங்கட்டி, கதவை ஒரு சாண் திறந்தால் போதும். காற்று அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அறையும். அந்த அடியைத் தாங்கத்தான் கதவுக்கும் அது மாட்டியிருக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு பட்டை வைத்திருக்கிறார்கள். பட்டை அறுந்துபோன வண்டியில் அடி முழுவதும் கீலுக்குத்தான். இவ்வளவும் போதாதென்று, கைப்பிடி இருக்கும்போதே கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறுவார்கள் ஓட்டுநர்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

மதுரைச் சாலையில் தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் தகடு வேலை பார்க்கும் டிங்கராகச் சேர்ந்து எனக்கு அப்போது இரண்டாவது ஆண்டு. எட்டு வயதைத் தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், அதற்கு முன் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். அப்படி வந்தது ஓர் உப்பு லாரி. முன்கண்ணாடிக்கு மேல் 'சுடலைமாடன் துணை'. இரண்டு கதவுகளையும் கழற்றும் வேலை எனக்கு. தூணில் கீல் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிக் கூர்முனைக் கம்பியால் கோடு கீறி வைத்தேன். திரும்ப மாட்டும்போது அந்தக் கோட்டில் வைத்தால் பழைய இடம் கிடைத்துவிடும் என்று நினைப்பு. அடிவிளிம்பை வெட்டிப் புதுத் தகடு வைத்துக் கொடுத்தேன். கீல்கள் கதவோடுதான் இருந்தன. அவற்றை நான் கவனிக்கவே இல்லை.

பெயிண்டர் மேலப்பாளையத்துக்காரர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய வேலையில் அவசரம் கிடையாது. தூணை உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கோட்டிங். என் கோடுகள் எங்கே போயின என்று கேட்டேன். "எந்தக் கோடு தம்பி?" என்றார்.

மறுநாள் சாயங்காலம் கதவை மாட்டினோம். பூட்டு கவ்வவில்லை, வந்து இடித்தது. பூட்டுப் பக்கம் அரை சென்டிமீட்டர் தொங்கியிருந்தது. கீலை மேலே தள்ளி முடுக்கினேன், தொங்கியது. தூணில் பூட்டு வந்து கவ்வும் கொக்கியைக் கீழே இறக்கி எப்படியோ பூட்ட வைத்தேன். மேஸ்திரி வந்து ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்து, ஓரத்தில் கை கொடுத்துத் தூக்கினார். டக் என்றது. விட்டார். மறுபடியும் டக். "புஷ் போய்விட்டது" என்றார். கீலின் நடுவே செருகிய இரும்புக் குச்சி 'பின்'; அது சுழலத் துளைக்குள் வைக்கும் பித்தளை வளையம்தான் புஷ். அதைக் கழற்றும்போதே பார்த்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கணக்கு எளிது. கீல்கள் இரண்டுக்கும் நடுவே ஒன்றேகால் அடி, கதவின் அகலம் இரண்டரை அடி என்றால், மேல் கீலில் 1 மில்லிமீட்டர் தேய்மானம் பூட்டுப் பக்கம் 2 மில்லிமீட்டர் இறக்கமாகத் தெரியும். கதவின் பாரம் மேல் கீலை வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை உள்ளே அமுக்குகிறது. அதனால் புஷ் சுற்றிலும் ஒரே மாதிரி தேயாது, ஒரு பக்கமாகவே தேயும். அந்த வண்டியில் கடைசியில் வெளியே வந்த பித்தளைப் புஷ் ஒரு பக்கம் முழுக் கனம், எதிர்ப்பக்கம் தாள்.

கடைசியில் என்று சொன்னேன். அதற்கு முன் நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கீலுக்குள் இருந்த பின் துருப்பிடித்து இறுகிவிட்டது. சுத்தியலுக்கு அசையவில்லை. கேஸ் வைத்துக் கீலுக்குச் சூடு காட்டினேன். பின் வந்தது, கீலை ஒட்டிய புதுப் பெயிண்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளித்து வந்தது. பாய் பக்கத்தில் வந்து நின்று, ஒரு கொப்புளத்தை நகத்தால் உரித்துப் பார்த்தார். பிறகு பெயிண்ட் டப்பாவைத் திறக்கப் போனார். காலையில் வண்டி எஃப்.சி.க்குப் போக வேண்டும்.

அந்த இரவிலேயே லேத்துக்கு ஓடிப் பித்தளையில் புஷ் கடைந்து வந்தோம். புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது, வாய் விரிந்துவிடும். நீளமான போல்ட்டில் இரண்டு வாஷர், நட்டு வைத்து முடுக்கினால் தானாகவே நேராக உள்ளே போகும். பெயிண்ட் துளைக்குள் புகுந்திருந்தால் முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின் இறுகும். கிரீஸ் பூசி மாட்டினோம்.

கதவைத் தூக்கி வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. அதையும் அன்றுதான் கற்றேன். கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் கிளாஸ் மெஷின், ஓரத்து ரப்பர் பீடிங் எதுவும் இல்லாத வெற்றுக் கதவை ஜாக்கியின் மேல் பழைய கம்பளி மடித்துப் போட்டு நிறுத்த வேண்டும். தூண் விளிம்பில் பழைய டியூபை வெட்டித் தொங்கவிட்டால் பெயிண்டில் கீறல் விழாது. தூணில் இருக்கும் கொக்கியைக் கழற்றிவிட வேண்டும். அது இருந்தால் கதவை வலிய இழுத்துத் தன் இடத்தில் நிறுத்திவிடும், கோணல் கண்ணுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் நான் செய்த திருட்டு வேலையும் அதுதான். போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி, மெல்ல மூடி, சுற்றிலும் இடைவெளி பார்க்க வேண்டும். பூட்டுப் பக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரமாக வைத்தால், கண்ணாடியின் பாரம் ஏறியதும் சரியான இடத்துக்கு வந்துவிடும். பீடிங் அதன் பிறகு, கொக்கி எல்லாவற்றுக்கும் கடைசி. இனாமல் பெயிண்ட் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், கீல் தகட்டின் அடியில் இளக்கமாகத்தான் இருக்கும்; அதனால் ஒரு வாரம் கழித்து போல்ட்டுகளை மறுபடியும் முடுக்கச் சொல்லி அனுப்புவோம். யாரும் வர மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த வண்டி எஃப்.சி. வாங்கிவிட்டது. கதவு ஒரு விரலில் மூடியது. வெயிலில் நிறுத்தியபோதுதான், கீலருகே ஓர் உள்ளங்கை மட்டும் வேறு ஆரஞ்சாகத் தெரிந்தது. "சாமிக்குச் சந்தனம் அப்பியதுபோல இருக்கிறது" என்று உரிமையாளர் அண்ணாச்சி சிரித்தார். பாய் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் பட்டிக்கு முன்பே புஷ் மாற்றி, ஒருமுறை கதவை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் கழற்றுகிறேன். கோடு கீறுவதில்லை. கீல் தகட்டையும் தூணையும் சேர்த்து 3 மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டு, தூண் பக்கத்தில் தீக்குச்சி செருகிவிடுகிறேன், பெயிண்ட் அடைக்காது. திரும்ப மாட்டும்போது குச்சியைப் பிடுங்கிவிட்டு ஆணியைச் செருகினால் பழைய இடம். தேய்க்கும்போது தீக்குச்சி நீட்டிக்கொண்டிருப்பது பாய்க்கு இன்னும் பிடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே அதைச் சுற்றித் தேய்க்கிறார். ஆனால் கதவைக் கையில் வாங்குவதற்கு முன், கீலைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்க்கிறார்.